உன் பிரசங்கத்தில் நான் மாற்றிச் சொன்ன வரி

கண்ணு,

நீ போன் பண்றதில்லைன்னு நான் யார்கிட்டயும் குறை சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா நீயே கூப்பிடற. சாப்டீங்களா நைனா, மாத்திரை போட்டீங்களா, மோட்டார் ரிப்பேர் பண்ணியாச்சான்னு கேக்கற. நானும் ஆங், ஆங்னு சொல்லிகினு இருக்கேன். அந்தப் பேச்சை எடுக்கலாம்னு நான் தொண்டையைக் கனைச்சாலே உனக்குத் தெரிஞ்சிடுது. சரி நைனா, ஆள் வந்துட்டாங்கன்னு சொல்லி வச்சிடற. பெங்களூருல உன் ரூமுக்கு வாராவாரம் அந்த நேரத்துக்குன்னு யாருடா வராங்கன்னு நானும் யோசிச்சுப் பாக்கறேன். அதனாலதான் எழுத உக்காந்தேன். கடுதாசியைப் பாதியில கட் பண்ண முடியாது பாரு.

இதை உனக்கு மட்டும் எழுதலை. செமினரி ஆண்டு மலர்ல போடறதுக்கும் ஒரு பிரதி குடுக்கறேன்னு பிரின்சிபால் ஐயாகிட்ட சொல்லியிருக்கேன். உனக்குக் கோவம் வரும், வரட்டும். அன்னிக்கு நடந்தது வீட்டுக்குள்ள நடக்கலை, சேப்பல்ல அத்தனை பேர் முன்னாடி நடந்தது. தமிழ்ப் பசங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. தெலுங்குப் பசங்களுக்குத் தெரிஞ்சது, ஆனா தப்பா தெரிஞ்சது. எல்லார் முன்னாடியும் கெட்டதை எல்லார் முன்னாடியும்தானே சரி பண்ணணும். அதனால உனக்குத் தெரிஞ்ச சமாசாரத்தையும் சேர்த்துதான் சொல்லுவேன், சலிச்சுக்காம படி.

நம்மளது பொதட்டூர்பேட்டையில நெசவு வீடு. பவர்லூம் சத்தத்துல வளர்ந்தவன் நான். பக்கத்துல நிக்கறவன்கிட்ட தண்ணி கேக்கணும்னாலும் கத்திதான் கேக்கணும். வீட்ல நான் ஒருத்தன்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். அப்புறம் திருத்தணிக்கு வெளியே இருக்கற இந்த பாப்டிஸ்ட் செமினரியில ஆபீஸ் வேலை கிடைச்சு வந்து சேர்ந்தேன். உங்க அம்மா நகரிக்காரி, தெலுங்கு பாப்டிஸ்ட் குடும்பம். அவகிட்ட சண்டை போட்டுப் போட்டேதான் என் தெலுங்கு சுத்தமாச்சு. எல்லையில இருக்கற செமினரி, பாதிப் பசங்க சித்தூர் பக்கத்துலேருந்து வரவங்க. தினமும் காலையில டிபனுக்கு அப்புறம் சேப்பல் ஆராதனை. பிரசங்கம் தமிழ்லன்னா பக்கத்துல ஒருத்தர் நின்னு வரிக்கு வரி தெலுங்குல சொல்லணும். ஒரு நாள் கரண்ட் இல்லை, மைக் இல்லை, சத்தமா பேசற ஆள் வேணும்னு ஆபீஸ்லேருந்து என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க. கரண்ட் வந்துச்சு, நான் மட்டும் அங்கியே நின்னுட்டேன். அப்போ நீ பொறக்கவே இல்லை.

அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்குது. பிரசங்கியாருக்கு அரை அடி பின்னால நிக்கணும். அவர் அழுதா நாம அழக் கூடாது. அவர் 'நான்'னு சொன்னா நாமளும் 'நான்'னுதான் சொல்லணும், 'அவர் சொல்றார்'னு சொல்லக் கூடாது. அவர் தப்பா சொன்னாக் கூட அந்தத் தப்பைத்தான் சொல்லணும். ஒரு பிரசங்கியார், நான் ஒரு காலத்துல பெருங்குடிகாரன்னு சாட்சி சொன்னார். நானும் அதைத் தெலுங்குல உருக்கமா சொன்னேன். புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் ரொம்ப நாள் என்னைப் பாத்தா ஒதுங்கியே போய்கினு இருந்தான். குடிகாரன்னா அது நான்தான்னு நினைச்சிட்டிருக்கான். உங்க அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எத்தனையோ பேரோட பாவத்தை இந்த வாய் 'நான்'னு சொல்லி அறிக்கை பண்ணியிருக்குது. ஆனா ஒரு வரியைக் கூட நான் மாத்தினது கிடையாது.

நீ வளர்ந்ததே அந்த சேப்பல்ல. மேடைப் பலகைக்குக் கீழ ஞானஸ்நானத் தொட்டி இருக்கறதால நடந்தா டம் டம்னு கேக்கும். சின்ன வயசுல அதுக்காகவே ஏறி ஏறிக் குதிப்ப. வீட்ல உங்க அம்மா தமிழ்ல எதாச்சும் சொன்னா அவளுக்கு அரை அடி பின்னால போய் நின்னுகினு தெலுங்குல சொல்லுவ, என்னை மாதிரியே கையைக் கட்டிகினு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்த வார்த்தை அப்படி இல்லடான்னு எல்லார் எதிரிலயும் திருத்தினேன். உன் முகம் சுருங்கிடும். ஒரு கொழந்தை ஆசையா பேசறப்போ வார்த்தையைத் திருத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியலை. நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு பொறந்து பேச ஆரம்பிக்கறப்போ, தப்புத் தப்பா பேசட்டும், நீ பாட்டுக்குக் கேட்டுகினு இரு.

நீ செமினரியில ரெண்டாவது வருஷம் படிக்கறப்போ உங்க அம்மாவுக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சது. வேலூருக்கும் திருத்தணிக்கும் பஸ்ல அலைஞ்சோம். சேப்பல்ல தினமும் அவ பேரைச் சொல்லி ஜெபம். நல்லவங்கதான், ஒருத்தரையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். மெஸ்லேருந்து கஞ்சி வந்துச்சு, பசங்க ரத்தம் குடுத்தாங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஒரு வழக்கம் உண்டாயிடுச்சு. 'சுகம் குடுங்க'ன்னு கேட்டது போய், 'சுகம் குடுத்ததுக்கு நன்றி'ன்னு முன்கூட்டியே சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் சாவுங்கற வார்த்தை நம்ம வீட்டு வாசலுக்குள்ள வர முடியலை. வலிக்குதுன்னு அவ சொன்னாக் கூட, அதை வாயால அறிக்கை பண்ணாதீங்கக்கா, ஜெயம்னு சொல்லுங்கன்னு ஒருத்தர் சொல்லுவாங்க. என் அண்ணன், உன் பெரியப்பா, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து, மொட்டை போட்டு, மலையை விட்டு இறங்கி நேரா நம்ம வீட்டுக்கு வந்தானே, ஞாபகம் இருக்கா? அவளைப் பாத்ததும் வாசல்லயே உக்காந்து அழுதான். அந்த வீட்ல அழணும்னு தோணினப்போ தயங்காம அழுதவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு அவன் மேல பொறாமையா இருந்துச்சு.

அந்த வருஷம் மழைக்காலத்துல அவ போயிட்டா. அடுத்த நாளே சேப்பல்ல வேற ஒருத்தர் பேருக்கு ஜெபம் நடந்துச்சு. நன்றி சொன்ன அந்த ஜெபமெல்லாம் என்ன ஆச்சுன்னு யாரும் பேசலை. நீ பேசுவன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கடைசி வருஷப் பசங்க ஒவ்வொருத்தரும் சேப்பல்ல ஒரு பிரசங்கம் பண்ணணும். வீட்லேருந்து ஆள் வந்து உக்காருவாங்க. பசங்க பிரசங்கம் முடிச்சதும் பிரின்சிபால் ஐயா மேடைக்கு வந்து கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லுவார். அது பிரதிஷ்டை ஆகி போதகர் பட்டம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான். பசங்க பிரசங்கம் பண்ணலாம், கையைத் தூக்கக் கூடாது. உன் முறை வந்தப்போ வேற யாரையாச்சும் மொழிபெயர்க்க வச்சுக்கோன்னு நான் சொன்னேன். நீங்கதான் நிக்கணும் நைனான்னு நீதான் சொன்ன. சாவு வீட்டுக்கு ஆண்டவர் தாமதமா வந்த பைபிள் பகுதியை எடுத்திருக்கேன்னு மட்டும் முந்தின நாள் சொன்ன. வேற எதையும் சொல்லலை, நானும் கேக்கலை.

நல்லாதான் ஆரம்பிச்ச. அவசரம் இல்லாம, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் காத்திருந்து, அடுத்த வரிக்குப் போன. எனக்குப் பெருமையா இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன. அப்புறம் புத்தகத்தை மூடிட்ட. எங்க அம்மாவுக்காக இதே இடத்துல ஜெபிச்சோம்னு சொன்ன. நான் சொன்னேன். சுகம் வந்தாச்சுன்னு நன்றி கூட சொன்னோம்னு சொன்ன. நான் சொன்னேன். ஒரு நாள் எங்க அம்மா என்னைக் கேட்டாங்க, நான் பிழைக்க மாட்டேன் இல்லடான்னு. விசுவாசம் இல்லாம பேசாதம்மான்னு நான் சொல்லிட்டேன்னு சொன்ன. அதையும் சொன்னேன். 'நான்', 'நான்'னு உன் வார்த்தையெல்லாம் என் வாயால வந்துச்சு.

அப்புறம் நீ சொன்ன: "அதுக்கப்புறம் எங்க அம்மா யாரையும் கேக்கலை. யாரும் அவங்களுக்கு உண்மையைச் சொல்லலை."

நான் தெலுங்குல சொல்ல வேண்டியது அதைத்தான். என் வாயிலேருந்து வந்தது வேற. "நா பார்ய நன்னு அடிகிந்தி. நேனு செப்பானு." என் மனைவி என்னைக் கேட்டா, நான் சொன்னேன்.

தெலுங்குப் பசங்க நிமிர்ந்து பாத்தாங்க. தமிழ்ப் பசங்க அடுத்த வரிக்காகக் காத்துகினு இருந்தாங்க. நீ திரும்பி என்னைப் பாத்த பார்வையை நான் எங்க போனாலும் மறக்க முடியலை. அப்புறம் எனக்கு முதுகைக் காட்டி நின்னுகினு, கடைசி வரியைத் தமிழ்லயும் சொல்லி, தெலுங்குலயும் நீயே சொன்ன. எங்க அம்மாவை நாங்க யாரும் வழியனுப்பி வைக்கலை, ஜெபம் பண்ணிப் பண்ணியே அவங்களைத் தனியா போக விட்டுட்டோம்னு. உன் தெலுங்கு அன்னிக்கு ஒரு தப்பும் இல்லாம இருந்துச்சு. ஐயா ஆசீர்வாதம் சொல்ல மேடைக்கு ஏறறப்போ நீ இறங்கி வெளியே போயிட்ட.

நான் பின்னாடியே வந்தேன். தண்ணித் தொட்டிகிட்ட நின்னுகினு இருந்த. "செமினரி பேரைக் காப்பாத்தறதுக்கு மேடையில நின்னு பொய் சொல்லிட்டீங்க நைனா"ன்னு சொன்ன. தெலுங்குப் பசங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. நான் பதில் சொல்லலை. அந்த வாரமே பெட்டியைக் கட்டின. பட்டமளிப்புக்கு வரலை, பிரதிஷ்டையும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்ட. இப்போ பெங்களூருல போன்ல தமிழ்லயும் தெலுங்குலயும் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்ததைச் சொல்லிகினு இருக்க. நானும் அன்னிக்கு அப்புறம் மேடை ஏறலை. ஒரு சித்தூர்ப் பையன் நிக்கறான், நல்லா பண்றான். நான் கடைசி பெஞ்சில உக்காந்து கேக்கறேன்.

ஏன் பதில் சொல்லலைன்னா, அவகிட்ட வாக்குக் குடுத்திருந்தேன். இப்போ அதை மீறப் போறேன். அவ கோவிச்சுக்க மாட்டா.

வேலூர்லேருந்து பஸ்ல வந்துகினு இருந்தோம், சோளிங்கர் வழியா. மலைக்குப் போற கூட்டம் பஸ் நிறைய. அன்னிக்கு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுப் பேசியிருந்தார். அவ ஜன்னலோரம் உக்காந்திருந்தா. திடீர்னு தெலுங்குல கேட்டா, மத்தவங்களுக்குப் புரியக் கூடாதுன்னு. நம்ம பக்கத்துப் பஸ்ல தெலுங்கு புரியாதவங்க யாரு இருக்காங்க சொல்லு. "பையனைக் கேட்டேங்க. பாவம், பயந்துட்டான். நீங்க சொல்லுங்க. நான் பிழைக்க மாட்டேன் இல்ல?"

நான் ஆங்னு சொன்னேன். அவ்ளோதான் சொல்ல முடிஞ்சது. எது வரைக்கும்னு கேட்டா. மழைக்காலம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்றார்னு சொன்னேன். முன்சீட்ல தலையில சந்தனம் பூசின ஒரு அம்மா திரும்பிப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காத மாதிரி மறுபடி திரும்பிகிட்டாங்க. இவ என் கையை எடுத்து மடியில வச்சுகிட்டா. சோளிங்கர்ல பஸ் நின்னப்போ கொய்யாப்பழம் வாங்கித் தரச் சொன்னா. மொளகாப்பொடி தொட்டு முழுசா சாப்பிட்டா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ முழுசா சாப்பிட்டது அன்னிக்குத்தான். உண்மையைச் சொன்னா செத்துடுவாங்கன்னு நாம பயப்படறோம் கண்ணு. அவளுக்கு அதைக் கேட்ட அப்புறம்தான் பசி எடுத்துச்சு. உன்னை யாராச்சும் ஒரு நாள் அப்படிக் கேட்டா, ஓடாத. பக்கத்துல உக்காந்து சொல்லு.

பஸ் கிளம்பினதும் சொன்னா, அவன் உபவாசம் இருந்து ஜெபிச்சுகினு இருக்கான், நான் நம்பிக்கையை விட்டுட்டேன்னு தெரிஞ்சா ஒடைஞ்சுடுவான், அவன்கிட்ட எப்பவும் சொல்லக் கூடாதுன்னு. சரின்னேன். உன்னைக் காப்பாத்தறோம்னு ரெண்டு பேரும் நினைச்சோம். நீ இத்தனை நாளா சுமந்துகினு இருந்தது என்னன்னு உன் பிரசங்கத்துலதான் எனக்குத் தெரிஞ்சது. என் வாழ்க்கையில நான் மாத்தினது அந்த ஒரு வரியைத்தான், அதை மட்டும் என்னால நின்னு சொல்ல முடியலை. உனக்கு அது உண்மை, உனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்சது வேறயா இருந்துச்சு.

நீ நம்ப மாட்ட. மேடையில ஒரு தடவை பொய் சொன்னவன் கடுதாசியில சொல்ல மாட்டானான்னு நினைப்ப. அதுக்காகத்தான் இன்னொண்ணு சொல்றேன், இது உனக்கும் தெரிஞ்சது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவ வீட்டுக்கு வரலை. சேப்பலுக்குப் போகலாம்னா. மத்தியான நேரம், ஒருத்தரும் இல்லை. கிளாஸ்லேருந்து உன்னைக் கூட்டினு வரச் சொன்னா. நீ வந்து, என்னம்மா இது வெயில்லன்னு கேட்ட. உன் பிரசங்கத்தைக் கேக்கணும்டான்னா. என் முறை அடுத்த வருஷம்தானேம்மான்னு சொன்ன. இப்பவே கேக்கணும், போய் நில்லுன்னா. அப்புறம் என்னையும் பாத்து, நீங்களும் போய் நில்லுங்க, தெலுங்குல சொல்லுங்கன்னா. உனக்குத்தான் தமிழ் நல்லா தெரியுமேன்னு நான் கேட்டேன். பரவால்ல, ரெண்டு பேரும் நில்லுங்க, பாக்கணும்னா. முன் பெஞ்சில தனியா உக்காந்துகினு, மலைக்குப் போற கூட்டத்தோட மேளச் சத்தம் ஜன்னல் வழியா வர வர, நீ கிளாஸ்ல பண்ணிக் காட்டின பிரசங்கத்தை முழுசா கேட்டா. நீ பாதியில ரெண்டு இடத்துல மறந்துபோய் சிரிச்ச. அவ சிரிக்கலை.

முடிஞ்சதும் நீ இறங்கப் போன. ஆசீர்வாதம் சொல்லலையேன்னு கேட்டா. அம்மா, நான் இன்னும் போதகர் ஆகலை, கையைத் தூக்கக் கூடாதுன்னு சொன்ன. யாரும் இல்லைல்ல, தூக்குடான்னா. நீ வாசலைப் பாத்துட்டு, வெக்கத்தோட, வலது கையைப் பாதி தூக்கி, அந்த வார்த்தையைச் சொன்ன. நான் தெலுங்குல சொன்னேன். அவ முந்தானையை எடுத்துத் தலைமேல போட்டுகினு குனிஞ்சா. நீ கையை இறக்கின அப்புறமும் அவ நிமிரலை. முடிஞ்சிடுச்சும்மா, எழுந்திருன்னு சொல்லிச் சிரிச்சுகினே கிளாஸுக்கு ஓடிட்ட. சும்மா உன்னை வச்சு வேடிக்கை பாக்கறாங்கன்னு நினைச்சிருப்ப. அவ பெஞ்சைப் பிடிச்சு எழுந்து, நீ போன வழியையே பாத்து, போதுங்கன்னு சொன்னா.

அந்த நேரத்துல அவளுக்கு எல்லாம் தெரியும் கண்ணு. பஸ்ல கேட்டுத் தெரிஞ்சுகினு, உன்கிட்ட வந்து உக்காந்தா. அம்மாவை யாரும் வழியனுப்பி வைக்கலைன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னியே. நீதான்டா அனுப்பி வச்ச. அரை அடி பின்னால நின்னுகினு நான் பாத்தேன்.

உன் நைனா